சராசரிக்கு ஏறும் வழி

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்கு என் மகள் மெய்யு வரவில்லை. இது இரண்டாவது பொங்கல். அவள் அப்பா வயிரவன் தினமும் அவளோடு அரை மணி நேரம் பேசுகிறார். பேசி முடிக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்கம்மா நல்லாத்தான் இருக்கா" என்று போனுக்குள் சொல்கிறார். எனக்கு நேரடியாக வருபவை "சாப்பிட்டாச்சு", "இங்க மழை இல்லை" ஆகிய இரண்டு வகைச் செய்திகள்தான்.

ஜூன் இரண்டாம் தேதி அவள் ஜகார்த்தா போகிறாள் என்று இன்று வயிரவன் சொன்னார். அங்கே ஓர் அணி அவளை ஓராண்டுக்கு எடுத்திருக்கிறதாம். ஐந்து பேரை எதிர்த்து ஐந்து பேர் கணினியில் ஆடும் கோட்டைப் போர் விளையாட்டு. அதற்குச் சம்பளம், பயிற்சியாளர், சமையல்காரர் எல்லாம் உண்டாம். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன்.

பிறகு அவளுக்கு எழுதினேன்: "போகும் முன் ஒரு தடவை உன்னோடு அந்த விளையாட்டை ஆடலாமா?" அனுப்பியபின் படித்துப் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயதுப் புள்ளியியல் பேராசிரியை எழுதக்கூடிய வாக்கியமாகத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "கோல்ட் வந்தா பார்க்கலாம்."

ஜனவரி 19, திங்கள்

விசாரித்துவிட்டேன். இந்த விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்கு ஐந்து படிகள்: இரும்பு, வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம். மெய்யு வைரத்தில் இருக்கிறாள். ஒரு படிக்கு மேல் இடைவெளி உள்ளவர்கள் தரவரிசை ஆட்டத்தில் ஒரே அணியில் சேர முடியாது. ஆகவே அவள் எழுதியது மறுப்பு அல்ல, விதி. வயிரவன் அதைத் தட்டிக்கழிப்பு என்கிறார். எழுத்தில் அப்படி எதுவும் இல்லை.

மே 31-ஆம் தேதி சீசன் முடிகிறது. அதற்குள் தங்கம். அதன் பிறகு அவள் வேறு நாட்டு சர்வருக்குப் போய்விடுவாள், இங்கிருந்து சேர முடியாது.

இதை ஓர் ஆய்வாக எடுத்துக்கொள்கிறேன். நடுவயதில் ஒருவர் புதிய திறன் ஒன்றில் என்ன வேகத்தில் முன்னேறுகிறார்? மாதிரி அளவு: ஒன்று.

ஜனவரி 25, ஞாயிறு

மெய்யுவின் அறையில் அவளுடைய பழைய கணினி அப்படியே இருக்கிறது. தூசி தட்டினேன். தரம் நிர்ணயிக்கப் பத்து ஆட்டம். ஒன்பது தோல்வி. ஜெயித்த ஒன்றில் நான் பாதி நேரம் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன்.

இரும்பு. ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாவது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

கல்லூரியிலிருந்து நாலரைக்கு வருகிறேன். காபி. ஐந்து முதல் ஆறரை வரை மூன்று ஆட்டம். பிறகு இரவுச் சமையல். வயிரவன் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து வந்து கதவருகே நின்று பார்க்கிறார். "புரொபசரம்மா இன்னைக்கு எத்தனை பேரைக் காலி பண்ணீங்க?" என்கிறார். இதுவரை யாரையும் இல்லை.

இன்று என் அணியில் ஒருவன் என்னைப் பார்த்து எழுதினான்: "இது என்ன பூனை கீபோர்டுல நடக்குதா?" அநியாயமான ஒப்பீடு என்று சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆளை மாற்றினேன். இனி ஹீலர். பச்சை ஒளி வீசும் கோலை வைத்துக்கொண்டு அணியில் அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றிவிடுவது வேலை. குறிபார்க்க வேண்டிய தேவை குறைவு. யார் விழப்போகிறார் என்று கவனித்தால் போதும்.

அணியில் "சுறாப்புட்டு" என்ற பெயரில் ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடியில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையாம், பெயர் பெனடிக்டா. மைக்கில் பேசினாள். நான் முதல் தடவையாக மைக்கைப் போட்டு, "வணக்கம்" என்றேன்.

"யக்கா," என்றாள், "நீங்க நியூஸ் வாசிக்கவங்களா?"

இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். நாளையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இந்தத் தரவரிசை எப்படி இயங்குகிறது என்று இன்று உட்கார்ந்து படித்தேன். ஜெயித்தால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், அது தெரிந்ததுதான். ஏறியவுடன் நம்மைவிடச் சற்றே நல்லவர்களை எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. எவ்வளவு தேறினாலும் பாதி ஆட்டம் தோற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஜெயித்ததற்குப் பரிசு, இன்னும் கடினமான எதிரி.

யார் இதை யோசித்தார்களோ தெரியவில்லை. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோரை எடை போட்டு, நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்து, ஒவ்வொருவருக்கும் சமமான ஒன்பது பேரைத் தேடித் தருகிறது. என் கல்லூரியில் ஐம்பத்தைந்து பேரை மூன்று பிரிவாகச் சமமாகப் பிரிக்க எங்களால் முடிந்ததில்லை.

வெண்கலம். ஆயிரத்தில் எண்ணூற்று எழுபது.

மார்ச் 3, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. ஆட்டமும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

எதற்குத் தங்கம் என்று பெனடிக்டா கேட்டாள். ஆய்வு என்றேன். சிரித்தாள். பிறகு கேட்கவில்லை. கேட்காததால் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய பொங்கல். காரைக்குடியிலிருந்து என் அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. மெய்யு பெங்களூரில் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஒரு விளையாட்டு அணியில் சேரப்போவதாகச் சாப்பிடும்போது சொன்னாள். நான் எழுந்துபோய் இணையத்தில் அவள் பெயரில் இருந்த பக்கத்தை அச்செடுத்து வந்து இலைகளுக்கு நடுவே வைத்தேன். ஆயிரத்தில் ஐந்நூற்று ஐந்து. சராசரி ஆட்டத்துக்கு மூன்று பேரை வீழ்த்துகிறாள், ஒன்பது தடவை சாகிறாள். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "இதுக்குப் பேரு சராசரி. சராசரிக்கும் கீழேன்னும் சொல்லலாம்" என்றேன். அண்ணன் சிரித்தார். எண்கள் சரியானவை.

அவள் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள்.

பெனடிக்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மக என்னவா ஆடுதா?" என்றாள். டேங்க் என்றேன். டேங்க் என்பவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குபவர்.

"டேங்க்கா? டேங்க்கு செத்தாத்தான யக்கா மத்தவங்க நிக்க முடியும். ஒன்பது தடவ செத்தாளா, ஒன்பது தடவ யாரையோ காப்பாத்திருப்பா. அதப்போயி இலைல வச்சிட்டீங்களா?"

அடுத்த ஆட்டத்தில் கவனமில்லை. தோற்றோம்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். என் குறை என்னவென்று பெனடிக்டா சொல்லிவிட்டாள். யார் விழுந்தாலும் அவரிடம் ஓடுகிறேன். "எல்லாரையும் காப்பாத்த முடியாதுக்கா. போறவன விடுங்க, நிக்கிறவன பாருங்க." சொல்வது எளிது. ஒருவருடைய உயிர்க்கோடு சிவப்பாகும்போது கை தானாகப் போகிறது.

இன்று காலை பேப்பரை விரித்தபடியே வயிரவன் சொன்னார், "மவுஸோட ஸ்பீடைப் பாதியாக் குறைச்சா நல்லதாம். ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான்."

பொன்மலைப் பணிமனையில் இதையெல்லாம் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டேன். அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

மவுஸ் வேகத்தைக் குறைத்தேன். எழுத்துமூலம் ஒப்புக்கொள்கிறேன், பெரிய வித்தியாசம்.

ஏப்ரல் 2, வியாழன்

வெள்ளி. ஆயிரத்தில் அறுநூற்று ஐம்பது.

வயிரவனின் அலுவலக நண்பர், ஹீலர் ஒரே இடத்தில் நிற்காமல் தூண்களுக்குப் பின்னால் மாறி மாறி நிற்க வேண்டும் என்று சொன்னாராம். நான் ஒரே இடத்தில் நிற்பது அந்த நண்பருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பொதுவா சொல்லியிருப்பான்" என்றார். ஆட்டங்களின் பதிவை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எனக்குத் தெரியும். மேற்கொண்டு கேட்கவில்லை.

மோர்மிளகாய் மாடியில் காய்கிறது.

ஏப்ரல் 12, ஞாயிறு

பெனடிக்டா சொன்னதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொள்வது என் பழக்கம் அல்ல. பொதுவில் இருக்கும் பதிவிலிருந்து மெய்யுவின் இருநூற்றுப் பதினான்கு ஆட்டங்களைக் குறிப்பேட்டில் எழுதினேன். இரண்டு பத்திகள்: எத்தனை தடவை செத்தாள், அணி ஜெயித்ததா தோற்றதா. எழுதி முடிக்க நான்கு நாட்களாயின. இன்று கணக்குப் போட்டேன்.

அவள் அதிகம் செத்த ஆட்டங்களில் அணி அதிகம் ஜெயித்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு. தவறு இருக்குமோ என்று இரண்டாம் முறை போட்டேன். அதே விடை.

பெரிய மருத்துவமனையில் நிறையப் பேர் இறக்கிறார்கள் என்பதால் அது மோசமான மருத்துவமனை என்று முடிவு கட்டாதீர்கள், கடினமான நோயாளிகள் அங்கேதான் வருகிறார்கள். இருபத்து நான்கு ஆண்டுகளாக முதலாமாண்டு வகுப்பின் மூன்றாவது வாரத்தில் நான் சொல்லும் உதாரணம் இது. அந்தப் பொங்கலுக்குச் சில மாதம் முன்புகூடச் சொல்லியிருப்பேன்.

பிறகு பதிவு செய்யப்பட்ட அவளுடைய ஆட்டம் ஒன்றைப் பார்த்தேன். குறுகலான கோட்டை வாசல். எதிரணி ஐந்து பேரும் வருகிறார்கள். இவள் ஒருத்தி, கேடயத்தை ஊன்றி நிற்கிறாள். பின்வாங்க வழி இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அரை எட்டு நகர்ந்து, கேடயத்தைத் திருப்பி, அவர்களை ஒருவர் வழியில் ஒருவரை நிற்கவைத்துவிடுகிறாள். பன்னிரண்டு நொடி. அதற்குள் அவள் அணியின் நான்கு பேரும் மறுபக்கம் போய் வேலையை முடிக்கிறார்கள். இவள் சாகிறாள். ஏட்டில் அது "சாவு: 1" என்று ஏறுகிறது.

அந்தப் பன்னிரண்டு நொடியை ஏழு தடவை பார்த்தேன். எட்டாவது தடவை பார்க்கும்போது, மூன்று வயதில் அவள் இதே அறையின் கதவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என்னைக் கல்லூரிக்குப் போகவிடாமல் நின்றது நினைவு வந்தது. அன்றும் அவள் நகரவில்லை.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஏப்ரல் 28, செவ்வாய்

விடைத்தாள் திருத்தும் முகாம். நாளைக்கு அறுபது தாள். மூன்று நாளாக விளையாடவில்லை.

மே 7, வியாழன்

ஆயிரத்தில் ஐந்நூறு. சரியாக நடு.

இன்று அதைத் திரையில் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். சராசரி என்று கரும்பலகையில் எத்தனையோ ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். மணி வடிவக் கோடு வரைந்து நடுவில் ஒரு செங்குத்துக் கோடு கிழிப்பேன். ஒரு நொடி வேலை. அந்தக் கோட்டுக்கு வந்துசேர எனக்கு இருநூற்று அறுபது ஆட்டமும் மூன்றரை மாதமும் ஆகியிருக்கின்றன. வலது மணிக்கட்டில் கட்டு. இந்தக் கோட்டில் என்னோடு நிற்பவர்களை இப்போது எனக்குத் தெரியும். பெனடிக்டா இருக்கிறாள். கோயம்புத்தூரில் பேருந்து ஓட்டும் ஒருவர் இருக்கிறார், வண்டியில் ஏறும் முன் இரண்டு ஆட்டம் ஆடுவார். விழுந்து விழுந்து எழுந்தவர்கள். ஒருவர்கூடச் சும்மா இங்கே வரவில்லை.

இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்த பெண்ணிடம்தான் நான் அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன்.

மே 16, சனி

ஆயிரத்தில் நானூற்றுப் பத்து. தங்கம் முந்நூற்று எண்பதில் தொடங்குகிறது.

மே 22, வெள்ளி

தொடர்ந்து எட்டுத் தோல்வி. நானூற்று எழுபது. இன்னும் ஒன்பது நாள்.

வயிரவன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். "ரெண்டு ஆட்டம் தொடர்ந்து தோத்தா அன்னைக்கு எழுந்திருச்சிடணுமாம். மூணாவது ஆடக் கூடாதாம்."

"யார் சொன்னா?"

"ஆபீஸ்ல."

"உங்க ஆபீஸ் ஆளுகிட்டச் சொல்லுங்க," என்றேன், "நாள் இல்லைன்னு."

அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்து, "நாள் இருக்குன்னு சொன்னான்" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மே 23, சனி

இரண்டு தோல்வி. எழுந்துவிட்டேன்.

மே 28, வியாழன்

மாலை ஆறு பத்துக்கு, மூன்றாவது ஆட்டத்தில், தங்கம்.

பெனடிக்டாவும் கூடவே ஏறினாள். மைக்கில் அவள் அழுவது கேட்டது. பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் பார்ப்பதாகவும், அதைப்பற்றிக் கவலை இல்லை என்றும் சொன்னாள்.

மெய்யுவுக்கு எழுதினேன்: "கோல்ட் வந்துவிட்டது." இந்தத் தடவை மூன்று மணி நேரம் ஆகவில்லை. அரை நிமிடம்.

"சனிக்கிழமை அஞ்சு மணி. மைக் போட்டு வா."

மே 30, சனி

முடிந்தவரை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மெய்யு, நான், பெனடிக்டா, மெய்யுவின் அணித் தோழர்கள் இருவர். அவர்கள் பேசவில்லை. மெய்யு பேசினாள். முதல் ஐந்து நிமிடமும் எல்லோருக்கும் பொதுவான கட்டளைகள்தான்: இடது, பின்னாடி, இப்போ. இரண்டு வருடத்தில் அவள் குரலை இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் கேட்டதில்லை. பெனடிக்டா, "யக்கா, ஒங்க மக டிராபிக் போலீசுக்குப் போயிருக்கலாம்" என்றாள். மெய்யு சிரித்துவிட்டாள். அதன் பிறகு எளிதாகிவிட்டது.

இரண்டு சுற்று சமம். கடைசிச் சுற்று, கடைசி நிமிடம். கோட்டையின் மணிக்கூண்டை எங்கள் மூன்று பேர் பிடித்து வைத்திருந்தார்கள், மூவரும் குற்றுயிர். மணி அடிக்கும்வரை அது எங்கள் கையில் இருந்தால் வெற்றி. கீழே குறுகலான வாசலில் மெய்யு. எதிரணி மொத்தமும் அவளை நோக்கி வந்தது. நான் அவளுக்குப் பின்னால் தூண் மறைவில் நின்று உயிர் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏற்றிய வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம்.

"அம்மா, என்னை விடு. மேலே போ."

"பாதிதான் இருக்கு உனக்கு."

"தெரியும்மா. நான் பன்னெண்டு செகண்ட் தாங்குவேன். அவங்களைப் பாரு. போ."

அவளுடைய கோடு சிவப்பாக மாறியது. என் கை அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு நொடிக்குக் குறைவாகத்தான் இருக்கும்.

திரும்பிப் படியேறினேன். ஏறும்போது எண்ணினேன். திரையில் அவள் இல்லை. கேடயத்தில் இரும்பு மோதும் சத்தம் மட்டும் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது, பத்து. மேலே மூவரும் இருந்தார்கள், கோலை நீட்டினேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கில் சத்தம் நின்றது. அவர்கள் படியேறி வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருடைய கணக்கும் திரையில் வந்தது. மெய்யம்மை: வீழ்த்தியது இரண்டு, சாவு பதினொன்று. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள், பெனடிக்டா கடைசியாக, "நான் ஒண்ணும் கேக்கல, போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"பதினொரு தடவை செத்திருக்கேன்," என்றாள் மெய்யு. "ஒண்ணும் சொல்லலியா?"

"பார்த்தேன்," என்றேன். "எல்லாமே சரியான இடத்துல செத்தே."

ஒரு தாய் மகளிடம் சொல்லக்கூடிய வாக்கியமா என்று பிறகுதான் தோன்றியது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அன்னைக்கு நான் கணக்கைத் தப்பாப் படிச்சுட்டேன் மெய்யு. நம்பர் சரி. படிச்சது தப்பு."

"தெரியும்மா," என்றாள். கொஞ்சம் கழித்து, "மவுஸ் இப்ப சரியா இருக்கா?" என்றாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.

மே 31, ஞாயிறு

மெய்யு நாளைக் காலை ரயிலில் வருகிறாள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூர் வழியாகப் போகிறாளாம். டிக்கெட்டை எப்போது எடுத்தாள் என்று வயிரவனிடம் கேட்டேன். மார்ச்சில் என்றார். மார்ச்சில் நான் வெண்கலத்தில் இருந்தேன்.

தலையணை உறைகளைத் துவைத்துப் போட்டேன். இனிப்புக்குக் கும்மாயம் கிண்ட உளுந்து வறுக்க வேண்டும்.

ஜூன் 2, செவ்வாய்

விமான நிலையம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, போ என்று கையைக் காட்டினாள்.

போனேன். வண்டி நிறுத்துமிடம் வரை எண்ணிக்கொண்டே நடந்தேன் என்பதை வயிரவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 5, வெள்ளி

புதிய சீசன். எல்லோரையும் கீழே இறக்கி முதலிலிருந்து ஏறச் சொல்கிறார்கள். தரம் நிர்ணயிக்கும் பத்து ஆட்டத்தையும் பெனடிக்டாவோடு ஆடினேன். ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. வெள்ளி. ஆயிரத்தில் ஐந்நூற்றுப் பத்து.

மெய்யு கேட்டிருந்தாள், என்ன வந்தது என்று. "சராசரி" என்று எழுதினேன்.

ஜகார்த்தாவிலிருந்து பதில் வந்தது: "நல்ல ரேங்க்மா அது."